படங்களின் வரிசை: ஒரு மறுநோக்கு

மக்கள் மனம் எப்பொருளையும் வரிசைப்படுத்திக் காணும் இயல்புடையது. விருந்துண்டு எழுந்தவர் எந்தக் கறி சுவைத்தது என்று பேசிக்கொள்வர். தேர்வு முடிந்ததும் முதல்வன் யார், இரண்டாமவன் யார் என்று வினவுவர். ஆண்டு முடியுங்காலத்து, கண்ட திரைப்படங்களுள் தலைசிறந்தது யாது என்று கேட்பதும் அவ்வியல்பின்பாற்பட்டதே. அவ்வினாவிற்கு விடை கூறுதல் எளிது. கூறிய விடையைச் சில ஆண்டுகள் கழித்து வெளியே எடுத்து, 'இது சரிதானா?' என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளுதல் எளிதன்று. அதனைச் செய்ய நேர்ந்த வரலாற்றையும், அதனால் தரவரிசை என்பதன் தன்மையைக் குறித்து நாம் அறிந்துகொண்டவற்றையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

2019-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 31-ஆம் நாள் இரவு, அவ்வாண்டில் நாம் கண்ட தமிழ்ப் படங்கள் 31-ஐயும் நினைவிற்குக் கொணர்ந்து, அவற்றுள் ஏழினைத் தெரிந்து, ஒரு தாளில் வரிசையாக எழுதினோம். விடுமுறை கழிந்து கல்லூரி திறந்ததும், மாணவர் சிலர் வேண்டிக்கொண்டமையால் அத்தாள் விடுதியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பெற்றது. வரிசை வருமாறு: முதலிடம், லோகேஷ் கனகராஜ் இயக்கிய 'கைதி'. இரண்டாமிடம், வெற்றிமாறன் இயக்கிய 'அசுரன்'. மூன்றாமிடம், தியாகராஜன் குமாரராஜாவின் 'சூப்பர் டீலக்ஸ்'. நான்காவது, பார்த்திபன் எழுதி, இயக்கி, தாம் ஒருவரே திரையில் தோன்றி நடித்த 'ஒத்த செருப்பு'. ஐந்தாவது, லட்சுமி ராமகிருஷ்ணனின் 'ஹவுஸ் ஓனர்'. ஆறாவது, ராம் இயக்கிய 'பேரன்பு'. ஏழாவதும் இறுதியுமாக நின்றது, ஒளிப்பதிவாளர் செழியன் இயக்கிய 'டுலெட்'.

பலகையைச் சுற்றி மாணவர் கூடி நின்று வாதிட்டனர். அவர்களுள் ஒருவர், அதிகம் பேசாதவர், எம்மை அணுகி, "ஐயா, டுலெட் ஏன் கடைசியில் இருக்கிறது?" என்று பணிவுடன் வினவினார். நாம் அப்போது கூட்டத்தின் உற்சாகத்தில் இருந்தோம். "வாடகைக்கு வீடு தேடுவதைப் பார்க்க நாம் சீட்டு வாங்க வேண்டுமா, தம்பி?" என்றோம். சுற்றி நின்றவர் அனைவரும் சிரித்தனர். அவரும் சிறிது புன்னகைத்துச் சென்றார். அதற்கு முன் மாலை வேளைகளில் படங்களைப் பற்றிப் பேச வந்துகொண்டிருந்தவர், அதன்பின் வரவில்லை. அவர் குடும்பத்தினர் அத்திங்களில்தான் குடியிருந்த வீட்டைக் காலி செய்யும்படி சொல்லப்பெற்று, வேறு வீடு கிடையாமல் அலைந்தனர் என்பதை நெடுநாள் கழித்து வேறொருவர் வாயிலாக அறிந்தோம். அதற்குள் அவர் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார்.

நிற்க. கடந்த கோடை விடுமுறையில் பழைய ஏடுகளை ஒழுங்கு செய்தபோது அத்தாள் எம் கைக்கு அகப்பட்டது. ஓரங்களில் பசையின் கறை இன்னும் இருந்தது. அதனைக் கிழித்தெறியக் கை எழுந்தது, மனம் இடந்தரவில்லை. அவ்வேழு படங்களையும் மீண்டும் ஒருமுறை முறையாகக் கண்டு, நாம் இட்ட வரிசை எத்தகையது என ஆராய்வதெனத் துணிந்தோம். ஒரு நாளைக்கு ஒரு படமாக ஏழு நாளில் கண்டு முடித்தோம். ஒவ்வொரு படத்திற்கும் எதிரே, அது கொட்டகைக்கு வந்த நாளையும் குறித்துக்கொண்டோம். அந்நாள்களைக் கண்டபோதுதான் முதல் அதிர்ச்சி உண்டாயிற்று.

'கைதி' வெளிவந்தது அக்டோபர் 25. 'அசுரன்' அக்டோபர் 4. 'ஒத்த செருப்பு' செப்டம்பர் 20. 'ஹவுஸ் ஓனர்' ஜூன் 28. 'டுலெட்' பிப்ரவரி 21. 'பேரன்பு' பிப்ரவரி 1. வாசகர்கள் இந்நாள்களை எம் வரிசையோடு ஒப்பிட்டு நோக்குக. தகுதி நோக்கி வரிசை செய்தோம் என்று நாம் எண்ணியிருக்க, உண்மையில் ஏறத்தாழ நாட்காட்டியைத் தலைகீழாகப் பிடித்துப் படியெடுத்திருக்கின்றோம்! அண்மையில் கண்டவை மேலே ஏறின. ஆண்டின் தொடக்கத்தில் கண்டவை அடியில் தங்கின. ஒரு படம் மட்டுமே இந்நியதிக்கு அடங்கவில்லை. 'சூப்பர் டீலக்ஸ்' மார்ச்சு 29-இல் வெளிவந்தும் மூன்றாமிடம் பெற்றது. அதற்கும் காரணம் உண்டு. நண்பர் ஒருவர் வீட்டில் அதனை நவம்பர்த் திங்களில் இரண்டாம் முறை கண்டிருந்தோம். எனவே விதிவிலக்கும் விதியையே உறுதி செய்தது. நினைவில் பசுமையாக இருப்பதைச் சிறப்புடையது என்று மனம் மயங்குகின்றது. விளைச்சலை அளக்கப் போந்தவன், வாயிலண்டை கிடந்த மூட்டையை மட்டும் அளந்து வந்ததை ஒக்கும் இது.

இரண்டாவது, படத்தை எங்கே, எவரோடு கண்டோம் என்பது. 'கைதி' தீபாவளியை ஒட்டி வந்தது. கொட்டகை நிறைந்து வழிந்தது. புத்தாடை மணமும் வெடிமருந்துப் புகையும் கலந்த கூட்டத்தினிடையே, நாமும் மாணவர் சிலரும் நெருங்கி அமர்ந்து கண்டோம். கதை நிகழ்வது பெரும்பாலும் ஓரிரவில். பத்தாண்டுச் சிறைவாசம் முடிந்து, தான் ஒருமுறையேனும் கண்டிராத மகளைக் காணச் செல்லும் தில்லி என்பவன், மயங்கிக் கிடக்கும் காவல் அதிகாரிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு செல்ல நேர்கின்றது. மற்றொரு புறம், திருச்சிராப்பள்ளிக் காவல் ஆணையர் அலுவலகத்தில், நெப்போலியன் என்னும் எளிய காவலர் ஒருவர், கல்லூரி மாணவர் சிலரைத் துணைக்கொண்டு, சூழ்ந்து வரும் கயவர் கூட்டத்தை எதிர்த்து நிற்கின்றார். எம் அருகில் அமர்ந்திருந்த மாணவர், திரையில் தம்மையொத்த மாணவர் கதவை அடைத்துக் காத்து நிற்பதைக் கண்டு எழுப்பிய ஆரவாரம் இன்னும் எம் செவியில் உள்ளது. இவ்வாரவாரத்திற்கும் சேர்த்தே நாம் முதலிடம் கொடுத்தோம் என்பது இப்போது தெளிவாகின்றது. தனியறையில், சிறு திரையில் மீண்டும் கண்டபோது, கட்டுக்கோப்பு சிறிதும் தளரவில்லை. நெப்போலியனாக நடித்த ஜார்ஜ் மரியானின் அச்சமும் துணிவும் கலந்த முகம் முன்னினும் நன்றாயிருந்தது. ஆயினும் சண்டைகளுட் சில நீண்டு தோன்றின. கூட்டத்தின் மூச்சு அவற்றைச் சுருக்கிக் காட்டியிருந்தது போலும்.

இதற்கு நேர்மாறானது 'ஒத்த செருப்பு'. அதனை அரைகுறைக் கூட்டத்தில், பின்னிருக்கையில் ஒருவர் தொலைபேசியில் ஓயாது பேசிக்கொண்டிருக்கக் கண்டோம். விசாரணைக்காகக் காவல் நிலையத்தில் அமர்த்தப்பட்ட மாசிலாமணி ஒருவனே திரையில் தெரிவான். ஏனையோர் அனைவரும் குரலாகவே வருவர். செவியால் காண வேண்டிய படம் அது. அதன் ஒலிக்கலவைக்காக ரசூல் பூக்குட்டிக்குத் தேசிய விருதும் பின்னர்க் கிடைத்தது. இம்முறை சிறிது நேரம் கண்களை மூடிக்கொண்டு கேட்டோம். நாற்காலி நகரும் ஓசையிலும், காலடி நெருங்கும் ஓசையிலும், காணாத மனிதர் உருவெடுத்து எழுந்தனர். முதன்முறை நாம் இழந்தது எவ்வளவு! அவ்விழப்பைப் படத்தின் குறையாக அல்லவோ கணக்கிட்டோம்!

மூன்றாவது, விருப்பம் என்பதையும் மதிப்பு என்பதையும் ஒன்றாக எண்ணியது. 'பிடித்த படங்கள்' என்று தலைப்பிட்டு, அதனடியில் 'சிறந்த படங்கள்' என்னும் பொருளில் வரிசையிடுவது பலருக்கும் வழக்கம். இரண்டும் ஒன்றல்ல. 'பேரன்பு' ஆறாமிடத்தில் நின்றது இக்குழப்பத்தாலேயே. அயல்நாட்டில் பொருளீட்டச் சென்றிருந்த அமுதவன், மனைவி பிரிந்து சென்றமையால் திரும்பிவந்து, மூளை முடக்கு வாதத்தால் உடல் தன் வயப்படாத மகளைத் தனியே வளர்க்கின்றான். மகள் பருவமெய்துங்காலத்து, தாய் செய்யவேண்டுவனவற்றைத் தந்தை செய்ய இயலாது திகைப்பதே கதை. இயற்கையின் பல குணங்களைத் தலைப்பாகக் கொண்ட அத்தியாயங்களாக அது விரிகின்றது. மம்முட்டியும் சாதனாவும் அதில் நடித்திருக்கும் முறை எம்மைக் கலங்கச் செய்தது. 'மீண்டும் ஒருமுறை இதனைக் காண எம்மால் இயலாது' என்று அப்போது சொன்னோம். அதனாலேயே கீழே தள்ளினோம். காணப் பொறாமை என்பது எம்முடைய வலிமையின்மை, படத்தின் வலிமையின்மையன்று. கசப்பு மருந்தைக் கடைசியில் வைப்பது குழந்தையின் வரிசை, மருத்துவனின் வரிசையன்று.

நான்காவது காரணமே இவை யாவற்றினும் பெரிது. அது எம் அறியாமை. 'டுலெட்' படத்தின் கதையை இரண்டு வரியில் அடக்கலாம். 2007-ஆம் ஆண்டு, சென்னை மாநகரம். கணினித் தொழில் வளர்ந்து, அத்தொழிலாளர் தரக்கூடிய வாடகையே ஊர் வாடகையாகிவிட்ட காலம். திரைத்துறையில் வாய்ப்புத் தேடும் ஓர் இளைஞனும், அவன் மனைவியும், சிறு மகனும் ஒரு மாதத்திற்குள் வீட்டைக் காலி செய்யவேண்டியவராகின்றனர். அவ்வளவே கதை. பாட்டில்லை, பின்னணி இசையும் இல்லை. குழாய் நீர் விழுவதும், இருசக்கர வண்டி கிளம்புவதும், வீட்டுக்காரர் படியேறி வரும் காலடியுமே அதன் இசை. 2019-இல் நாம் இதனை மந்தம் என்றோம்.

பின்னர், எம் குடும்பச் சூழ்நிலை காரணமாக, இருந்த வீட்டை விட்டு வேறு வீடு தேடும் நிலை எமக்கே வந்தது. கல்லூரி ஆசிரியர் என்றால் கதவு தானே திறக்கும் என்று எண்ணியிருந்தோம். ஒரு வீட்டில் எத்தனை பேர் என்றனர். ஒரு வீட்டில் புலால் உண்பதுண்டா என்றனர். மற்றொரு வீட்டில், சாதியை நேரே கேளாமல், சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு, குலதெய்வம் எது என்று சுற்றி வளைத்துக் கேட்டனர். ஒரு பெரியவர் எம் முகத்தை நோக்காமல், எம் செருப்பை நோக்கிக்கொண்டே, "சொல்லி அனுப்புகிறோம்" என்றார். சொல்லி அனுப்பவில்லை. ஒவ்வொரு நாளும் மாலையில் வீடு திரும்பியதும், மனைவி ஒன்றும் கேளாமல் எம் முகத்தைப் பார்ப்பாள். நாமும் ஒன்றும் சொல்லாமல் சட்டையைக் கழற்றி மாட்டுவோம். அந்த மௌனத்தை நாம் எங்கோ கண்டிருக்கின்றோமே என்று ஓரிரவு நினைவு வந்தது. 'டுலெட்' படத்தில் கண்டிருந்தோம். மந்தம் என்று நாம் பெயரிட்டது அதற்குத்தான்.

இப்போது மீண்டும் அப்படத்தைக் காண்கையில், ஒரு காட்சியும் மந்தமாகத் தோன்றவில்லை. ஒரு மாதத் தவணையில் ஒவ்வொரு நாளும் கழிவது, கழுத்தில் ஒவ்வொரு சுற்றாகக் கயிறு இறுகுவது போலிருந்தது. படத்தில் ஒரு சட்டமும் மாறவில்லை. மாறியது காண்பவன் வாழ்வு. பசித்தவனே சோற்றின் அருமையை அறிவான் என்பதுபோல, சில கலைப்பொருள்களின் அருமை அவற்றைக் காணும் நாளில் நமக்குத் தெரிவதில்லை. பலகையினருகில் நின்ற அம்மாணவருக்கோ அந்நாளிலேயே தெரிந்திருந்தது. அவர் கேட்டது ஒரு படத்தின் இடத்தைப் பற்றிய வினா மட்டுமன்று; 'எம் போன்றோர் படும் பாட்டுக்கு இவ்வளவுதான் மதிப்பா?' என்னும் வினா அதற்குள் மறைந்திருந்தது. அதற்கு நாம் ஒரு வேடிக்கைச் சொல்லை விடையாகக் கொடுத்தோம்.

ஐந்தாவது, ஒரு படம் தனித்து நிற்பதில்லை. அதற்கு முன்னும் பின்னும் உடனுமுள்ள படைப்புகள் அதன் பொருளை மாற்றுகின்றன. 'கைதி' வந்தபோது அஃது ஓரிரவில் தொடங்கி முடிந்த கதை. 2022-இல் வந்த 'விக்ரம்', 2023-இல் வந்த 'லியோ' ஆகியவற்றில் அதன் பாத்திரங்கள் மீண்டும் தலைகாட்டினமையால், இன்று அது ஒரு நெடுங்கதையின் முதற்பகுதிபோல் தோன்றுகின்றது. 'அசுரன்' படத்திற்கு மூலம், பூமணி எழுதி 1982-இல் வெளிவந்த 'வெக்கை' என்னும் நாவல். அதனை நாம் படம் கண்டபின்னரே படித்தோம். அண்ணனைக் கொன்றவனைப் பழிவாங்கிய சிறுவனும் தந்தையும் காட்டில் ஒளிந்து திரிவதை நாவல் அடக்கமாகச் சொல்லிச் செல்கின்றது. படமோ தந்தையின் இளமைக்காலத்தையும், பஞ்சமி நில உரிமைப் போராட்டத்தையும், குடிசைகள் எரிவதையும் விரித்துக் காட்டுகின்றது. அத்தீயைக் காண்போர், 1968-இல் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்த கொடுமையை நினையாதிருத்தல் அரிது. நாவலின் அடக்கம் படத்தில் இல்லை. படத்தின் சீற்றம் நாவலில் இல்லை. இரண்டையும் அறிந்தபின் படத்தின் மிகைகளும் தெரிந்தன, துணிவும் தெரிந்தது. நிலத்தைப் பறிக்கலாம், பொருளைப் பறிக்கலாம், கல்வியைப் பறிக்க இயலாது என்னும் கருத்துப்படத் தந்தை மகனுக்குக் கூறும் இறுதி அறிவுரை, வகுப்பறையில் நாள்தோறும் நிற்கும் எமக்கு ஒரு கட்டளையாகவே ஒலித்தது.

'சூப்பர் டீலக்ஸ்' வகையிலும் இத்தகைய மாற்றம் நேர்ந்தது. பல கதைகளை ஒருங்கு பின்னிய அதன் திறம் இன்றும் வியக்கத்தக்கதே. வீட்டைவிட்டுச் சென்ற தந்தை ஷில்பா என்னும் திருநங்கையாகத் திரும்பி வருவதும், சிறு மகன் அதனைச் சிறிதும் வேறுபாடின்றி ஏற்றுக்கொள்வதும் உள்ளத்தை உருக்குவன. விஜய் சேதுபதிக்கு அப்பாத்திரத்திற்காகத் தேசிய விருது கிடைத்தது. ஆயினும், குழந்தைகளைக் கடத்தும் கொடுஞ்செயலோடு அப்பாத்திரத்தைத் தொடர்புபடுத்தியமை, தங்கள்மீது உலகம் சுமத்தும் பழியை உறுதி செய்வதாகத் திருநங்கையர் சிலர் அக்காலத்திலேயே குறை கூறினர். நாம் அதனைப் பொருட்படுத்தவில்லை. அதே ஆண்டில் வந்த 'பேரன்பு' படத்தில் மீரா என்னும் திருநங்கைப் பாத்திரத்தை அஞ்சலி அமீர் என்னும் திருநங்கையே ஏற்று நடித்தார். அப்பாத்திரம் காட்சிப்பொருளாகவன்றி, ஒரு வீட்டை வீடாக்கும் மனிதராக அமைந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கண்டபோதுதான், ஒன்றில் இருப்பதும் மற்றொன்றில் இல்லாததும் கண்ணிற் பட்டன.

இது நிற்க. இவ்வளவு பிழைகளையும் களைந்துவிட்டால் பழுதற்ற ஒரு வரிசை கிடைத்துவிடுமோ எனின், கிடையாது. இதனைக் கணிதம் பயிலும் மாணவர்க்கு எளிதில் விளக்கலாம். 'டுலெட்', 'அசுரன்', 'கைதி' ஆகிய மூன்றையும் மூன்று அளவுகோல்களால் அளப்போம். அன்றாட வாழ்வின் உண்மை என்னும் கோலால் அளந்தால் 'டுலெட்' முதல், 'அசுரன்' இரண்டு, 'கைதி' மூன்று. உணர்ச்சி வேகத்தால் அளந்தால் 'அசுரன்', 'கைதி', 'டுலெட்' என வரும். கட்டுக்கோப்பினால் அளந்தால் 'கைதி', 'டுலெட்', 'அசுரன்' என வரும். இனி இரண்டிரண்டாக ஒப்பிடுக. 'அசுரன்' இரண்டு கோல்களில் 'கைதி'யை வெல்லும். 'கைதி' இரண்டு கோல்களில் 'டுலெட்'டை வெல்லும். அவ்வாறாயின் 'அசுரன்' 'டுலெட்'டை வெல்ல வேண்டுமன்றோ? பார்த்தால் 'டுலெட்' இரண்டு கோல்களில் 'அசுர'னை வெல்கின்றது! வரிசை வட்டமாகிவிடுகின்றது. பலர் கூடி வாக்களிக்குமிடத்து இத்தகைய வட்டம் தோன்றக்கூடும் என்பதைப் பிரான்சு நாட்டறிஞர் காண்டர்சே 1785-இல் எடுத்துக்காட்டினார். ஒரு தனி மனிதன் உள்ளத்துள்ளும் பல வாக்காளர் இருக்கின்றனர். எந்த வாக்காளன் உரக்கப் பேசுகின்றான் என்பதைப் பொறுத்தே அன்றைய வரிசை அமைகின்றது.

தனி மனிதர் மட்டுமன்று, அறிஞர் குழுவும் இதற்கு விலக்கன்று. இங்கிலாந்தில் வெளிவரும் 'சைட் அண்டு சவுண்டு' என்னும் இதழ், உலகின் தலைசிறந்த படம் எதுவென்று 1952 முதல் பத்தாண்டுக்கொருமுறை விமர்சகர்களை வினவி வருகின்றது. 1952-இல் முதலிடம் பெற்றது இத்தாலி நாட்டுப் படமாகிய 'சைக்கிள் திருடர்கள்'. 1941-இல் வெளிவந்த 'சிட்டிசன் கேன்' அப்போது முதற்பத்தினுள் இடம் பெறவில்லை. 1962 முதல் 2002 வரை ஐந்து முறையும் அதுவே முதலிடத்தில் வீற்றிருந்தது. 2012-இல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' அதனை விலக்கியது. 2022-இல், 1,600-க்கு மேற்பட்டோர் வாக்களித்தபோது, ஒரு பெண் தன் வீட்டில் சமைப்பதையும் துலக்குவதையும் மூன்று மணி நேரத்திற்குமேல் பொறுமையாகக் காட்டும் 'ஜான் டீல்மான்' என்னும் 1975-ஆம் ஆண்டுப் படம் முதலிடம் பெற்றது. இப்படங்களில் யாதொன்றும் இடையில் மாற்றி எடுக்கப்படவில்லை. எண்ணப்படாதிருந்தவர் எண்ணப்பட்டனர், கேட்கப்படாதிருந்த குரல்கள் கேட்கப்பட்டன, ஆகவே வரிசை மாறிற்று.

ஓராண்டுப் படம் எதுவென்பதும் நாம் எண்ணுவதுபோல் தெளிவானதன்று. 'டுலெட்' 2017-ஆம் ஆண்டிற்குரிய சிறந்த தமிழ்ப் படமாகத் தேசிய விருது பெற்றது. மக்கள் கொட்டகையில் கண்டதோ 2019-இல். 'பேரன்பு' 2018-இலேயே ராட்டர்டாம் நகரத் திரைப்பட விழாவில் காட்டப்பெற்றது. 'காசபிளாங்கா' என்னும் புகழ்பெற்ற அமெரிக்கப் படம் 1942 நவம்பரில் நியூயார்க்கில் முதன்முதல் காட்டப்பெற்றும், 1943-ஆம் ஆண்டின் படமாகவே ஆஸ்கார் பரிசு பெற்றது. அன்றியும், 2020 மார்ச்சு முதல் நவம்பர் வரை பெருந்தொற்றின் காரணமாக நம் மாநிலத்துக் கொட்டகைகள் மூடிக்கிடந்தன. அதனால் 2019 என்னும் ஆண்டே, இழந்துபோன இன்பத்தின் ஒளியோடு நினைவில் நிற்கின்றது. அவ்வொளியில் எல்லாப் படமும் சற்று அழகாகவே தோன்றும் என்பதையும் கணக்கிற் கொள்ளவேண்டும்.

அங்ஙனமாயின் வரிசையிடுதலே வேண்டாவோ என்று வாசகர் வினவலாம். வேண்டும் என்பதே எம் துணிபு. வரிசையிட்டிராவிடின், நாம் எவ்வாறு பிழைத்தோம் என்பதை இன்று அறிந்திருக்க முடியாது. நாம் இப்போது இடும் வரிசை இது: 'அசுரன்', 'டுலெட்', 'பேரன்பு', 'சூப்பர் டீலக்ஸ்', 'ஒத்த செருப்பு', 'கைதி', 'ஹவுஸ் ஓனர்'. 2015-ஆம் ஆண்டுச் சென்னை வெள்ளத்தினிடையே, நினைவிழந்த கணவனையும் அவன் விடமாட்டாத வீட்டையும் காக்கப் போராடும் முதிய மனைவியைக் காட்டும் 'ஹவுஸ் ஓனர்' இறுதிக்குச் சென்றது அதன் இழிவால் அன்று. ஏழில் ஒன்று ஏழாவதாகவே வேண்டும். 'டுலெட்' படத்தை முதலிடத்தில் வைத்துவிட வேண்டும் என்று எம் மனம் பலமுறை உந்தியது. ஆராய்ந்து நோக்கியபோது, அது படத்திற்குக் கொடுக்கும் மதிப்பன்று, எம் குற்றத்திற்குச் செய்யும் கழுவாய் என்பது விளங்கிற்று. நாணத்தால் இடும் வரிசையும், ஆரவாரத்தால் இடும் வரிசையும் போலவே பொய்யானது. ஆகவே அதனை இரண்டாமிடத்தில் நிறுத்தினோம்.

பழைய தாளை நாம் கிழிக்கவில்லை. புதிய வரிசையை அதன் பின்புறத்தில் எழுதி, நாளும் இட்டு வைத்திருக்கின்றோம். மாணவ அன்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே: நீங்களும் வரிசையிடுங்கள், எங்கே, எப்போது, எவரோடு கண்டீர்கள் என்பதையும் அருகே குறித்து வையுங்கள், சில ஆண்டுகள் கழித்து மீண்டும் எடுத்துப் பாருங்கள். உங்கள் வரிசை தவறென்று ஒருவர் சொன்னால், விடை கூறுமுன், அவர் ஏன் சொல்கின்றார் என்று கேளுங்கள். அப்படத்தில் அவர் கண்ட ஒன்றை நீங்கள் காணாதிருக்கலாம்.

இவ்விதழ் பழைய மாணவர் பலருக்கும் அனுப்பப்பெறுகின்றது. அன்று பலகையருகில் நின்று வினவியவர் கைக்கும் இது செல்லக்கூடும். தம்பி, நீர் கேட்ட வினாவிற்கு அன்று நாம் கூறியது விடையன்று. அப்படம் கடைசியில் இருந்ததற்குக் காரணம், நாம் அப்போது சொந்தக் கூரையின்கீழ் இருப்பவர்போல் எண்ணிக்கொண்டு இருந்தமையே. உம் குடும்பத்தினர்க்கு நல்ல வீடு கிடைத்திருக்கும் என்று நம்புகின்றோம். ஒரு மாலை வருவீராயின், விட்ட இடத்திலிருந்து பேசலாம்.